கழுத்து வரைக்கும் ஜிப்

பெருசு: ...அவன் என் பக்கம் திரும்பினானா இல்லையா, அதை மட்டும் சொல்லு.

டேப்பு: திரும்பினாரு.

பெருசு: திரும்பி?

டேப்பு: மறுபடி கோர்ட்டுப் பக்கமே திரும்பிட்டாரு.

பெருசு: பாத்தியா? பாத்தியாடா அநியாயத்தை? ஆறடி நாலு அங்குலத்துக்கு ஒருத்தன் பெஞ்சுல உக்காந்திருக்கேன், கண்ணுக்குத் தெரியல அவனுக்கு. நான் என்ன மனுஷனா, இல்ல சுவத்துல அடிச்ச ஆணியா?

டேப்பு: நீ குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிட்டிருந்தே. குனிஞ்சா நீயும் ரெண்டடிதான்.

பெருசு: லேஸ் அவுந்தா கட்ட வேண்டாமா?

டேப்பு: கட்டு, கட்டு. காலை மட்டும் இந்தப் பக்கம் நீட்டாதே. மொட்டையன் கணுக்கால்ல ஐஸ் வச்சிருக்கேன், தட்டி விட்டுராதே.

பெருசு: மொட்டையன் காலு போச்சு. சுருட்டை அஞ்சு ஃபவுல் வாங்கி வெளிய வந்து துண்டைப் போத்திக்கிட்டு உக்காந்துட்டான். மீதி யாரு? எட்டுப் பேரு வந்தோம். அஞ்சு பேரு உள்ள. மிச்சம் நான் ஒருத்தன்தான். சின்னக் குழந்தைகூடக் கணக்குப் போட்டுச் சொல்லிரும்டா, அடுத்து யாரை எறக்கணும்னு.

டேப்பு: யாராவது வெளிய வந்தாத்தானே எறக்க முடியும்?

பெருசு: வெளிய எடுக்கணும்! எடுக்கணும்டா! ஒட்டகத்தைப் பாரு, நாக்கு தொங்குது அவனுக்கு. ஓடுறானா அவன்? ஊர்வலம் போறான்.

கோச்: டேய் ஒட்டகம்! கையைத் தூக்கு! கையைத் தூக்குடா, எதுக்கு ஒனக்கு அவ்வளவு நீளத்துல கை? தூக்கு!

பெருசு: கையைத் தூக்கச் சொல்றான். பந்து அவன் காலுக்கடியில போகுது. இவனெல்லாம் கோச்சு.

டேப்பு: மெதுவாப் பேசு. ரெண்டு எட்டுல நிக்கிறாரு.

பெருசு: கேக்கட்டும். நல்லாக் கேக்கட்டும். இவனுக்கு பாஸ்கெட்பால் ஆடச் சொல்லிக் குடுத்தது யாரு? நான். எங்க கல்யாணம் முடிஞ்ச கையோட, மூக்கை ஒழுக விட்டுக்கிட்டு வாசல்ல வந்து நின்னான். 'மாமா, எனக்கும் சொல்லிக் குடுங்க மாமா'ன்னு. பொண்டாட்டியோட தம்பியாச்சேன்னு சொல்லிக் குடுத்தேன். அதுக்குத்தான் இப்ப பெஞ்சுல உக்காத்தி வச்சு மரியாதை பண்றான்.

டேப்பு: மச்சினனா இருந்தாலும் கோச்சு கோச்சுதானே.

பெருசு: ஆமா, கோச்சு! முதல் நாளு என்னைத் தனியா கூப்பிட்டு என்ன சொன்னான் தெரியுமா? 'கோர்ட்டுல மாமான்னு கூப்பிட மாட்டேன், நீங்களும் வாடா போடாங்காதீங்க, பசங்க மதிக்க மாட்டாங்க'ன்னான். நானும் மண்டையை ஆட்டிட்டேன். என்னைச் செருப்பால அடிக்கணும்.

டேப்பு: இந்தா, தண்ணி குடி.

பெருசு: வேணாம்.

டேப்பு: தங்கச்சிதான் மேலருந்து கை காட்டுறா. குடிக்கச் சொல்றா.

பெருசு: நீ தங்கச்சி தங்கச்சிங்கிறியே, அவளும் அவன் ஆளுதான். வீட்டுல நான் வாயைத் திறந்தா, 'என் தம்பியை ஒண்ணும் சொல்லாதீங்க'ன்னு கரண்டியைத் தூக்கிட்டு வருவா. ...எங்க உக்காந்திருக்கா?

டேப்பு: மூணாவது வரிசை. பாப்பாவும் பக்கத்துலதான் இருக்கா. அவ ஃப்ரெண்ட்ஸ் நாலஞ்சு பேரைக் கூட்டிட்டு வந்திருக்கா போல.

பெருசு: யாரைக் கேட்டு கூட்டிட்டு வந்தா? வேணாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். 'கடைசி மேட்ச்சுப்பா, எல்லாரும் வர்றாங்கப்பா'ங்கிறா. எதுக்கு? அப்பா பெஞ்சைத் தேய்க்கிறதைப் பாக்கவா? காலேஜ் பூரா சொல்லி வச்சிருக்கா, எங்கப்பா பிளேயர்னு.

டேப்பு: பிளேயர்தானே?

பெருசு: ஒப்புக்குச் சப்பாணி! ஒப்புக்குச் சப்பாணிடா நான்! எண்ணிக்கைக்கு ஒரு ஆளு!

டேப்பு: சரி சரி, எகிறாதே. மூஞ்சியெல்லாம் வேர்த்து ஊத்துது. இந்தப் புழுக்கத்துல எதுக்குடா கழுத்து வரைக்கும் ஜிப்பை ஏத்தி வச்சிருக்கே? மேல ஒரு ஃபேன்கூடச் சுத்தல. கொஞ்சம் எறக்கி விடு.

பெருசு: இருக்கட்டும்.

டேப்பு: கழட்டி மடியில போட்டுக்கோயேன். வார்ம் அப்பு பண்ணும்போதும் எல்லாரும் ஜாக்கெட்டைக் கழட்டினாங்க, நீ மட்டும் கழட்டல.

பெருசு: உடம்பு சூடா இருக்கணும்டா. எப்பக் கூப்பிட்டாலும் அந்த நொடியே எறங்கி ஓடணும். பிளேயர்னா அப்படித்தான் இருக்கணும். ஒனக்கு முட்டி போனப்பவே எல்லாம் மறந்து போச்சு.

டேப்பு: முட்டி போனா என்ன? உங்க எல்லார் காலுக்கும் டேப்பு சுத்திக்கிட்டு நான் பாட்டுக்குச் சந்தோஷமா இருக்கேன். ஒருத்தன் என்னைக் குறை சொல்லல. ...அட, போட்டுட்டான்டா! குட்டி போட்டுட்டான்! மூணு பாயிண்ட்டு!

பெருசு: எங்க? எங்க? குனிஞ்சதுல பாக்கல...

டேப்பு: மறுபடியும் லேஸா? போர்டைப் பாரு! ஒரே பாயிண்ட்டுதான் இப்ப. ஒரு பாயிண்ட்டு பின்னால இருக்கோம்!

பெருசு: ஒண்ணா?

டேப்பு: ஒண்ணே ஒண்ணு!

பெருசு: இந்த சீசன்ல இந்நேரத்துக்கு முப்பது பாயிண்ட்டு பின்னால கிடப்போம். பாக்க வந்தவன்லாம் வண்டியை எடுத்துட்டுப் போயிருப்பான். இன்னைக்கு ஒருத்தன் எந்திரிக்கல பாரு.

டேப்பு: ஜெயிச்சுருவோமோ?

பெருசு: வாயைக் கழுவு. கண்ணு பட்டுரப் போகுது.

டேப்பு: இல்லடா, ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சுட்டாப் போதும். அடுத்த வருஷம் டீமே கிடையாதுன்னு காலையில கம்பெனி மேனேஜர் சொல்லிட்டாரு. ஒரு மேட்ச்சுகூட ஜெயிக்காத டீமுன்னு பேரோட போகக் கூடாதுல்ல?

பெருசு: நான் இருந்திருந்தா இந்நேரம் பத்துப் பாயிண்ட்டு முன்னால இருந்திருப்போம்.

டேப்பு: ம்.

பெருசு: என்ன ம்?

டேப்பு: ம்னுதான் சொன்னேன்.

பெருசு: நக்கலா?

டேப்பு: நான் ஏன்டா நக்கல் பண்றேன். முதல் மேட்ச்சுல எறக்குனாரே, அதை நெனைச்சேன்.

பெருசு: எறக்குனாரு! ரெண்டு நிமிஷம்! உடம்பு சூடாகிறதுக்குள்ள வெளிய எடுத்துட்டான். அதுக்குப் பேரு எறக்குறதா?

டேப்பு: நீதானே கையைக் காட்டின, எடுத்துருன்னு.

பெருசு: நான் எங்கடா காட்டினேன்? வேர்வையைத் துடைச்சேன்.

டேப்பு: ஓ... வேர்வையா.

பெருசு: ஆமா, வேர்வை. அதை அவன் சாக்கா வச்சுக்கிட்டான். எப்படா இவனை ஓரங்கட்டலாம்னு காத்துக்கிட்டிருந்தான், கிடைச்சுது சாக்கு. பந்து வளையத்துல படல, வாஸ்தவம்தான். யாருக்குத்தான் ஒண்ணு தப்பாது? ஒட்டகத்துக்கு எத்தனை தப்புது, அவனை ஏதாவது சொல்றாங்களா?

டேப்பு: அன்னைக்கு மேலருந்து எவனோ ஒருத்தன் கத்தினான்ல...

பெருசு: கத்தினான். 'தாத்தா, வீட்டுக்குப் போ'ன்னான். அதுக்கென்ன? எனக்கு ஒண்ணும் படல.

டேப்பு: படல?

பெருசு: படலடா. எத்தனை கத்தலைக் கேட்டிருப்பேன் நான். எதிர் டீமு ஆளுங்க என் அம்மாவையே இழுத்துப் பேசியிருக்கானுங்க, சிரிச்சுக்கிட்டே போய்ப் பந்தைப் போட்டுட்டு வந்திருக்கேன்.

டேப்பு: பாப்பாவும் வந்திருந்தா அன்னைக்கு.

பெருசு: ...ம்.

டேப்பு: சிரிச்சாளா?

பெருசு: அவ சிரிக்கல. சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. அவ குனிஞ்சு போனைப் பாத்துக்கிட்டிருந்தா. ...போன்ல ஒண்ணுமில்லடா. திரை இருட்டாத்தான் இருந்துச்சு. அங்கேருந்தே தெரிஞ்சுது எனக்கு.

டேப்பு: பெருசு...

பெருசு: அதை விடு! பேச்சை மாத்தாதே! நான் கேக்கிறது இவனை. அதுக்கப்புறம் ஒரு மேட்ச்சுல, ஒரே ஒரு மேட்ச்சுல, என்னைக் கூப்பிட்டானா?

டேப்பு: மழை பேஞ்ச அன்னைக்குத் திரும்பினாரு.

பெருசு: எப்போ?

டேப்பு: கூரை ஒழுகி பக்கெட்டு வச்சாங்களே, அன்னைக்கு. திரும்பி உன் பக்கம் ஒரு எட்டு வச்சாரு. நீ லேஸ் கட்டிட்டிருந்தே. அதுக்கப்புறம் அந்தப் பெரிய மைதானத்துல ஆடினோமே, அங்கயும். அப்பவும் லேஸு.

பெருசு: நீ என்ன என் லேஸைக் கணக்கெடுக்கிற வேலை பாக்கிறியா?

டேப்பு: பக்கத்துலயே உக்காந்திருக்கேன். வேற எதைப் பாக்கிறது? தோக்குறதையா?

பெருசு: மட்டமான லேஸு. கம்பெனி வாங்கிக் குடுத்தது. நிக்க மாட்டேங்குது.

டேப்பு: ரெட்டை முடிச்சுப் போடு.

பெருசு: எனக்கு லேஸ் கட்டச் சொல்லித் தர்றியா நீ?

கோச்: டேப்பண்ணே! கொஞ்சம் அவரைப் பேசாம இருக்கச் சொல்லுங்க. எனக்கு இங்க ஆட்டத்தைப் பாக்க முடியல.

பெருசு: கேட்டியா? 'அவரை'! பேரு கிடையாது, மொறை கிடையாது. 'அவரை'! கோச்சு சார், நேரா என்கிட்டயே சொல்லுங்க சார். எனக்குக் காது நல்லாக் கேக்கும் சார்.

கோச்: சொல்றேன். பேசாதீங்க.

பெருசு: வாய் மட்டும்தான் எனக்கு மிச்சம் இருக்கு, அதையும் மூடிக்கணுமா? எறக்கவும் மாட்டே, பேசவும் விட மாட்டே...

கோச்: டேய், டேய், டேய்! தொடாதே, தொடாதேடா ஒட்டகம்! விட்டுரு, அவன் போடட்டும்! ...ஐயோ! புடிச்சு இழுத்துட்டான். போச்சு.

டேப்பு: ஃபவுல்.

பெருசு: எத்தனாவது?

டேப்பு: அஞ்சு. ஒட்டகம் அவுட்டு.

பெருசு: ...அஞ்சா? நாலுதானே? நாலுதான்டா. டேபிள்ல கேளு, தப்பா எழுதியிருப்பாங்க.

டேப்பு: அஞ்சுதான். ரெஃப்ரி விரலை விரிச்சுக் காட்டுறாரு பாரு.

பெருசு: சரியாப் பாரு!

டேப்பு: என்னடா, சந்தோஷப்படுவேன்னு பாத்தா...

கோச்: டைம் அவுட்டு! சார், டைம் அவுட்டு! எல்லாரும் இங்க வாங்க. தண்ணி குடிங்க. ஒட்டகம், அழாதே, உக்காரு. பரவாயில்ல. அவங்களுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ இருக்கு, அதுக்கப்புறம் பந்து நம்மகிட்ட வரும். ...மாமா.

பெருசு: யாரையோ கூப்பிடுறாரு பாரு.

கோச்: மாமா, உங்களைத்தான். எறங்குங்க.

பெருசு: இங்க மாமான்னு யாரும் கிடையாதே. நீதானே சொன்னே? கோர்ட்டுல மொறை வச்சுப் பேசக் கூடாதுன்னு?

கோச்: சரி, தப்பு. நான் சொன்னது தப்பு. ஜாக்கெட்டைக் கழட்டுங்க.

பெருசு: இரு. இவ்வளவு நாளா நான் உக்காந்து உக்காந்து பெஞ்சு பள்ளமாயிருச்சு. இப்ப மட்டும் நான் கண்ணுக்குத் தெரியுறேனா? வேற ஆளு இல்லேன்னதும் மாமா ஞாபகம் வருதா?

கோச்: ஒரு நிமிஷம்தான் டைம் அவுட்டு. மேட்ச்சு முடிஞ்சதும் வீட்டுக்கு வர்றேன், உக்காத்தி வச்சுத் திட்டுங்க. இப்ப எந்திரிங்க.

பெருசு: மாட்டேன்.

கோச்: என்னது?

பெருசு: மாட்டேன்டா! நான் என்ன நீ எறியும்போது மட்டும் ஓடிப் பொறுக்குற நாயா? கேட்டியா ஒரு நாளாவது, 'மாமா, ஏன் எறக்கலைன்னா இந்தக் காரணம்'னு? ஒரு வார்த்தை? சோறு திங்க வீட்டுக்கு வர்றே, அக்காகிட்ட கொஞ்சுறே, பாப்பாகிட்ட விளையாடுறே. என் மூஞ்சியை மட்டும் பாக்க மாட்டே!

கோச்: உங்க மூஞ்சியைப் பாத்தாலே கடிச்சுக் கொதற வர்றீங்க, எங்கருந்து பேசுறது? சீசன் பூரா பேசினது யாரு, நானா நீங்களா? சித்தப்பா வீட்டுல போய், 'மச்சினன் என் பொழப்பைக் கெடுத்துட்டான்'. பெரியம்மா வீட்டுல போய், 'மச்சினன் என்னை ஒழிச்சுக் கட்டிட்டான்'. போன மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன், முன்னப் பின்ன தெரியாத ஒரு ஆளு வந்து, 'ஏம்ப்பா, உன் மாமாவை ஆட விடேன்'ங்கிறாரு! நான் வாயை மூடிக்கிட்டுத்தானே இருந்தேன்?

பெருசு: உண்மையைத்தானே சொன்னேன்?

கோச்: சரி, உண்மைதான். இப்ப ஆட விடுறேன். வாங்க!

பெருசு: இப்படிக் கூப்பிட்டா வர மாட்டேன்.

கோச்: வேற எப்படிக் கூப்பிடணும்? காலைப் புடிக்கணுமா? புடிக்கிறேன். பசங்களா, திரும்பிக்கோங்கடா, கோச்சு காலைப் புடிக்கப் போறான். இந்தா...

பெருசு: டேய், எந்திரிடா! ஜனம் பாக்குது!

கோச்: பாக்கட்டும்! ஒரு பாயிண்ட்டு மாமா! இந்த ஒரு மேட்ச்சு! அஞ்சாவது ஆளு இல்லாம நாலு பேரை உள்ள அனுப்பினா ஓட ஓட அடிப்பானுங்க. எனக்காக வேணாம். இந்தப் பசங்களுக்காகச் செய்யுங்க. ஜாக்கெட்டைக் கழட்டுங்க.

பெருசு: முதல்ல எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேளு.

கோச்: மன்னிச்சுருங்க. போதுமா?

பெருசு: மனசார இல்ல.

கோச்: ஐயோ கடவுளே! டேப்பண்ணே, என்னண்ணே இது? நேரம் ஓடுதுண்ணே!

டேப்பு: பெருசு. போதும்டா.

பெருசு: நீ பேசாதே!

கோச்: நானே கழட்டுறேன்.

பெருசு: கையை எடு. டேய், ஜிப்புல கை வைக்காதே! கையை எடுடான்னா...

கோச்: விடுங்க மாமா! ...என்ன இது? பனியனா? உள்ள வெறும் பனியனா? ஜெர்சி எங்க?

பெருசு: வீட்டுல.

கோச்: வீட்டுலயா!

பெருசு: ஆமா, வீட்டுல! கொடியில தொங்குது! என்ன இப்போ?

கோச்: மேட்ச்சுக்கு ஜெர்சி போடாம வந்திருக்கீங்க?

பெருசு: எதுக்குப் போடணும்? நீதான் கூப்பிட மாட்டியே! வேர்வையே படாத துணியை உன் அக்கா வாராவாரம் துவைச்சுக் காயப் போடுறா. 'அழுக்கே இல்லியேங்க, எதைங்க துவைக்கிறது?'ன்னு ஒரு நாளு கேட்டா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? அன்னைக்கு முடிவு பண்ணினேன். இவன் கூப்பிடப் போறதில்ல, நான் ஏன் வேஷம் கட்டிக்கிட்டுப் போகணும்?

கோச்: அப்ப... இவ்வளவு நேரமா 'எறக்கு, எறக்கு'ன்னு குதிச்சது? பனியனோட உக்காந்துக்கிட்டு என்னை ஊரெல்லாம் நாறடிச்சீங்களா? என் அக்கா தெனம் தெனம் ரெண்டு பக்கமும் மாட்டிக்கிட்டு அழுதாளே, இதுக்கா? வெக்கமா இல்ல உங்களுக்கு? உங்களைப் பாத்துத்தான்யா நான் பந்தையே தொட்டேன்! மெத்தைக்கடியில உங்க போட்டோவை வச்சுக்கிட்டுத் தூங்கினவன் நான்!

பெருசு: டேய்...

கோச்: பேசாதீங்க. ஒரு வார்த்தை பேசாதீங்க. பசங்களா, நாலு பேருதான்டா. அஞ்சாவது ஆளு கிடையாது. குட்டி, நீ நடுவுல நில்லு...

டேப்பு: கோச், ஒரு நிமிஷம்.

கோச்: என்னண்ணே?

டேப்பு: ஜெர்சி இருக்கு.

கோச்: யாரோடது? அடுத்தவன் ஜெர்சியைப் போட்டா விட மாட்டாங்கண்ணே.

டேப்பு: இவனோடதுதான். என் மருந்துப் பையில இருக்கு. பஞ்சுக்கு அடியில.

கோச்: உங்க பையில எப்படி...

டேப்பு: தங்கச்சி குடுத்தா. அதை அப்புறம் பேசிக்கலாம். நீங்க டேபிள்ல போய் ஆளு மாத்துறோம்னு சொல்லுங்க, போங்க.

கோச்: சொல்லிட்டு வர்றேன். மாமா, திரும்பி வரும்போது நீங்க அதுக்குள்ள இருக்கணும். இல்லேன்னா இன்னையோட அக்கா வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். சத்தியமா.

டேப்பு: ...இந்தா. புடி.

பெருசு: இன்னைக்குக் குடுத்தாளா?

டேப்பு: இன்னைக்கும் குடுத்தா.

பெருசு: இன்னைக்கும்னா?

டேப்பு: மழை மேட்ச்சுலேருந்து எல்லா மேட்ச்சுக்கும்தான். நீ கொடியில விட்டுட்டுக் கெளம்புவே. அவ மடிச்சுப் பையில போட்டுக்கிட்டு உன் பின்னாடியே வருவா. வாசல்ல என்கிட்டக் குடுப்பா. முடிஞ்சதும் நான் திருப்பிக் குடுத்துருவேன். நீ வீட்டுக்குப் போறதுக்குள்ள மறுபடி கொடிக்குப் போயிரும்.

பெருசு: அடப்பாவி! தெரிஞ்சுக்கிட்டேவா பக்கத்துல உக்காந்து, 'ஜிப்பை எறக்கு, ஜாக்கெட்டைக் கழட்டு'ன்னு...

டேப்பு: நீயா சொல்லுவேன்னு பாத்தேன்.

பெருசு: அவனுக்குத் தெரியுமா?

டேப்பு: தெரியாது. 'தம்பிகிட்ட சொல்லிராதீங்கண்ணே, அவர் மானம் போயிரும். அவனைத் திட்டினாத் திட்டிட்டுப் போகட்டும், அவன் தாங்கிக்குவான்'னா.

பெருசு: ...பாப்பாவுக்கு?

டேப்பு: அவதான்டா இன்னைக்கு மடிச்சாளாம்.

கோச்: மாமா! டைம் அவுட்டு முடியுது! எந்திரிங்க!

டேப்பு: எந்திரிடா. உன் மச்சினன் மேல கோபத்துல விட்டுட்டு வந்தே, அவ்வளவுதான். எல்லாரும் அப்படியே நெனைச்சுக்கட்டும்.

பெருசு: கோபமெல்லாம் இல்லடா. அந்தத் 'தாத்தா'வுக்கப்புறம் எனக்குக் காலு வரல. இதைப் போட்டிருந்தா, அவன் கூப்பிட்டா, நான் போயாகணும்ல... திட்டிக்கிட்டே இருந்தேனா, பயம் தெரியல. ...இந்தா, தலை வழியா நீயே மாட்டி விடு.